கணித மேதை ராமானுஜன் வேலை தேடி அலைந்த ஆண்டுகள்: வேலை இல்லாதபோது மனதுக்கு என்ன ஆகிறது?

டிசம்பர் 22 வந்தால் ராமானுஜனைக் கொண்டாடுகிறோம். தேசிய கணித தினம், பள்ளிகளில் வினாடி வினா, 1729 என்ற எண்ணின் கதை என்று அந்த நாள் ஓடிவிடும். ஆனா, 1910-ல் அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வேறு ஒருவர். வயது 22. இரண்டு கல்லூரிகளில் சேர்ந்தும் தேர்ச்சி பெறவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது. வேலை இல்லை. கையில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான்.

கல்லூரி உதவித்தொகையை இழந்ததில் இருந்து முதல் நிரந்தர வேலை கிடைக்கும் வரை, ராமானுஜனுக்குக் கிட்டத்தட்ட 7 ஆண்டுகள் ஆகின. வாழ்ந்ததே 32 ஆண்டுகள்தான். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், தேர்வும் வேலையும் கைகூடாமல் போனது. அந்த ஆண்டுகளில் அவர் மனம் என்ன பட்டது? வேலை கிடைத்ததும் என்ன மாறியது? கேம்பிரிட்ஜ் போய்ப் பெயரும் பணமும் வந்த பிறகும் அவர் ஏன் உடைந்துபோனார்? வேலைக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான ஒரு வாழ்க்கை நம் ஊரில் கிடைப்பது கஷ்டம்.

சம்பளம் தவிர வேலை என்ன தருகிறது?

முதலில் ஒரு சின்ன பின்னணி. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குத் தெற்கே மரியன்தால் என்று ஓர் ஊர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது ஆலை மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் தலைமையிலான குழு அங்கே போய் மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்து, 1933-ல் புத்தகமாக வெளியிட்டது.

அதில் தெரியவந்தது ஆச்சரியமானது. வேலை போனதால் எல்லோருக்கும் நேரம் நிறைய இருந்தது. ஆனால், ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது கூடவில்லை, ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்துவிட்டது. நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பலருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வேலை தருவது சம்பளம் மட்டும் அல்ல என்று யஹோடா பின்னாளில் 5 விஷயங்களைப் பட்டியலிட்டார். ஒன்று, நாளுக்கு ஓர் ஒழுங்கு. இரண்டு, வீட்டுக்கு வெளியே மனிதர்களோடு தொடர்பு. மூன்று, பலர் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தில் பங்கு. நான்கு, நான் யார் என்று ஊருக்குச் சொல்ல ஓர் அடையாளம். ஐந்து, கையையும் மூளையையும் தொடர்ந்து ஈடுபடுத்தும் செயல்பாடு. வேலை போனால் இந்த ஐந்தும் சேர்ந்தே போகின்றன.

இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு கும்பகோணத்துக்குப் போவோம்.

உதவித்தொகை போனது, பையனைக் காணவில்லை

ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு. அப்பா சீனிவாச அய்யங்கார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். மாதம் 20 ரூபாய் சம்பளம். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுவார்.

டவுன் உயர்நிலைப் பள்ளியில் ராமானுஜன்தான் நட்சத்திரம். 1904-ல் கணிதத்துக்கான பரிசோடு பள்ளியை முடித்து, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்குள் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சூத்திரப் புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கியிருந்தது. அதன்பிறகு மற்ற பாடங்கள் எதுவும் மனதில் ஏறவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார். உதவித்தொகை ரத்தானது.

கல்லூரிக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். 1905 ஆகஸ்டில், 17 வயது ராமானுஜன் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். வீட்டார் பதறிப்போய்த் தேடினார்கள். பிறகு திரும்பி வந்தார்.

ஊரில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த பிள்ளைக்கு, அந்தப் பெயர் ஒரே தேர்வில் போனால் எப்படி இருக்கும்? அவருடைய கணிதத் திறமை ஒரு துளியும் குறையவில்லை. போனது அடையாளம்தான். பட்டியலில் நான்காவதாக இருக்கும் அந்த ஒன்று.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் இரண்டாவது முயற்சி. கணிதத்தில் அசத்தினார், உடலியல் பாடத்தில் தோற்றார். எஃப்.ஏ. தேர்வில் 1906 டிசம்பரில் தோல்வி, 1907-ல் மறுபடியும் தோல்வி. அத்தோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது.

வேலை இல்லை, ஆனால் நோட்டுப் புத்தகம் நிரம்பியது

அடுத்த சில ஆண்டுகள் ராமானுஜனிடம் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. டியூஷன் எடுத்துப் பார்த்தார். அதுவும் சரியாக ஓடவில்லை. பாடத்திட்டத்தில் இருப்பதைவிட்டுத் தன் போக்கில் எங்கோ போய்விடும் வாத்தியாரை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போகும் பையன் என்ன செய்வான்?

வீட்டில் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. 1909 ஜூலையில் ஜானகி அம்மாளோடு கல்யாணம் செய்துவைத்தார்கள். மணப்பெண்ணுக்கு அப்போது 10 வயது. கல்யாணம் ஆனால் பொறுப்பு வரும் என்பது அன்றைய வீடுகளின் கணக்கு. இன்றும் பல வீடுகளில் அதே கணக்குதானே ஓடுகிறது? அடுத்த சில மாதங்களில் அவருக்கு ஓர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. குடும்பத்தில் அதற்குப் பணம் இல்லை. ஒரு மருத்துவர் 1910 ஜனவரியில் இலவசமாகச் செய்து கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். மரியன்தாலில் வேலை இழந்தவர்கள் படிப்பதையே நிறுத்தினார்கள். ராமானுஜன் விஷயத்தில் நடந்தது தலைகீழ். அவருடைய புகழ்பெற்ற நோட்டுப் புத்தகங்களில் பெரும்பகுதி இந்த வேலையில்லாக் காலத்தில் நிரம்பியதுதான். யஹோடா சொன்ன ஐந்தில் தொடர்ச்சியான செயல்பாட்டையும் ஓரளவு நாளின் ஒழுங்கையும் கணிதமே அவருக்குக் கொடுத்தது.

அப்போ, ஆர்வமான ஒரு வேலையைக் கையில் வைத்திருந்தால் போதும், உத்தியோகம் தேவையில்லையா? இல்லை. மீதி மூன்றை நோட்டுப் புத்தகத்தால் கொடுக்க முடியவில்லை. அவர் எழுதுவதைப் புரிந்துகொள்ளும் ஆள் பக்கத்தில் இல்லை. அது யாருக்குப் பயன் என்று வீட்டுக்குச் சொல்லத் தெரியவில்லை. என்ன பண்றே என்று கேட்டால் பதில் இல்லை. அதனால்தான் அந்த நோட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு அவர் ஊர் ஊராக அலைந்தார்.

குமாஸ்தா வேலைதான் வேண்டும்

1910-ல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவர் வி.ராமசாமி அய்யர். இந்திய கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர். ராமானுஜன் அவரிடம் போய்க் கேட்டது ஆராய்ச்சிக்கு உதவி அல்ல, அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ராமசாமி அய்யருக்கு, இவரை வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் உட்கார வைப்பது அநியாயம் என்று தோன்றியது. சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார்.

அந்தச் சங்கிலி நெல்லூர் ஆட்சியர் ஆர்.ராமச்சந்திர ராவ் வரை போனது. அவர் மாதம் 25 ரூபாய் தன் கையில் இருந்து கொடுக்க ஒப்புக்கொண்டார். வேலை எதுவும் செய்ய வேண்டாம், கணிதம் மட்டும் போட்டால் போதும். 1911-ல் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை இந்திய கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

பலருக்கு இது கனவு மாதிரி. சாப்பாட்டுக்குப் பணம், நாள் முழுக்கப் பிடித்த காரியம். ஆனால், ராமானுஜனுக்கு அது உறுத்தியது. இன்னொருவர் தயவில் எத்தனை நாள் இருப்பது? அவர் தொடர்ந்து வேலை தேடினார். 1912 தொடக்கத்தில் சென்னை அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரங்களுக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. சம்பளம் 20 ரூபாய், அதாவது உதவியாகக் கிடைத்ததைவிடக் குறைவு. அதையும் ஏற்றுக்கொண்டார்.

1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு, அதாவது போர்ட் டிரஸ்டுக்கு, விண்ணப்பம் போட்டார். மாநிலக் கல்லூரி கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த சிபாரிசும் கையில் இருந்தது. மார்ச் 1-ம் தேதி வேலையில் சேர்ந்தார். கணக்குப் பிரிவில் குமாஸ்தா. மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை. சம்பளம் 30 ரூபாய்.

30 ரூபாய் மாற்றியது என்ன?

ராமச்சந்திர ராவ் கொடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் 5 ரூபாய்தான். ஆனால், வாழ்க்கை மாறியது. நாளைக்கு என்ன என்ற கேள்வி போனது. போய் வர ஓர் இடம், நேரம் வந்தது. ஆபீஸில் அவருக்கு மேலே இருந்த எஸ்.நாராயண அய்யர் கணித எம்.ஏ. படித்தவர், கணிதக் கழகத்தின் பொருளாளர். மாலையில் திருவல்லிக்கேணியில் இருந்த அவர் வீட்டில் இருவரும் சிலேட்டுகளை வைத்துக்கொண்டு ராத்திரி வரை கணக்குப் போட்டார்கள். இத்தனை நாள் இல்லாத பேச்சுத்துணை கிடைத்தது. ஆபீஸில் ஓய்வு நேரத்தில், துறைமுகத்தில் கிடக்கும் பார்சல் சுற்றும் காகிதங்களைப் பொறுக்கி அதில் எழுதினார். ஜானகி அம்மாளும் சென்னை வந்து சேர, குடும்பம் என்று ஒன்று அமைந்தது.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். வேலையில் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில், 1913 ஜனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அந்தக் கடிதத்தை எழுதினார். துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், நாராயண அய்யர் ஆகியோரின் ஆதரவு பின்னால் இருந்தது. நிலையான ஓர் இடத்தில் கால் ஊன்றிய பிறகுதான் உலகத்தின் பெரிய கதவைத் தட்டும் தெம்பு வந்தது என்று சொன்னால் தப்பில்லை.

ஹார்டியின் பதில் வந்ததும் சென்னைப் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டது. 1913 மே மாதம் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. துறைமுக வேலையில் இருந்து விடுப்பு. 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார்.

எல்லாம் கிடைத்த பிறகும் ஏன்?

கேம்பிரிட்ஜில் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை. டிரினிட்டி கல்லூரியும் தன் பங்குக்கு 60 பவுண்டு கொடுத்தது. ஊருக்கும் ஒரு பங்கு போனது. பணக் கவலை தீர்ந்தது. ஹார்டியோடு சேர்ந்து கணித உலகமே திரும்பிப் பார்க்கும் ஆய்வுகள் வெளிவந்தன. 1916-ல் பட்டமும் கிடைத்தது.

ஆனால், யஹோடாவின் பட்டியலில் வேறு சில வரிகள் அழிந்துகொண்டிருந்தன. வந்து சில மாதங்களில் முதல் உலகப் போர் வெடித்தது. கல்லூரி காலியானது. சுத்த சைவம் என்பதால் கல்லூரி உணவுக்கூடத்தில் சாப்பிடவில்லை. தானே சமைத்தார், அதுவும் நாளுக்கு ஒரு வேளை, சில சமயம் அதுவும் இல்லை. மணிக்கணக்காக வேலை, பிறகு மணிக்கணக்காகத் தூக்கம். இந்த நேரத்துக்கு இங்கே வந்தாக வேண்டும் என்று கேட்க யாரும் இல்லாததால், இரவு பகல் ஒழுங்கே கலைந்தது. ஜானகி அம்மாளிடம் இருந்து கடிதம் வரவில்லை. மாமியார் மருமகள் பிணக்கில் கடிதங்கள் இடையிலேயே நின்றுபோனதாக வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நாட்களின் ஒரு சம்பவம். இந்திய நண்பர்களைத் தன் அறைக்கு அழைத்து விருந்து சமைத்தார். விருந்தினர்கள் இரண்டு முறை ரசம் வாங்கிக் குடித்தார்கள். மூன்றாவது முறை வேண்டாம் என்றார்கள். அடுத்த நிமிடம் ராமானுஜனைக் காணவில்லை. சில நாட்கள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து தந்தி வந்த பிறகுதான் எங்கே போனார் என்றே தெரிந்தது. 17 வயதில் விசாகப்பட்டினம் போன அதே பையன் உள்ளே அப்படியே இருந்தார். நிராகரிப்பு என்று தோன்றிய எதையும் அவரால் தாங்க முடியவில்லை.

1917-ல் உடல்நிலை மோசமானது. காசநோய் என்று கருதிச் சானடோரியங்களில் வைத்தார்கள். உண்மையில் நோய் என்ன என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமீபாவால் வந்த கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம் என்று பின்னாளில் ஒரு மருத்துவர் வாதிட்டார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ பதவிக்கு அவர் பெயர் போய், நிராகரிக்கப்பட்டது.

1918 தொடக்கத்தில் லண்டனில் ராமானுஜன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். தெய்வாதீனமாகப் பிழைத்தார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அது குற்றம் என்பதால் போலீஸ் பிடித்தது. ஹார்டி ஓடிவந்து பேசி மீட்டார்.

இதற்கு ஒற்றைக் காரணம் சொல்வது சரியில்லை. நோய், தனிமை, போர், உணவு, வீட்டுப் பிரச்னை, நிராகரிப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. மனநலம் ஒரே ஒரு நூலில் தொங்குவது கிடையாது. சம்பளம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையில்லை.

சில மாதங்களில் காட்சி மாறியது. 1918 மே மாதம் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். அக்டோபரில் டிரினிட்டியும் ஃபெலோ பதவி கொடுத்தது. இந்த அங்கீகாரம் அவருக்குப் புது உற்சாகம் கொடுத்ததாகவும், அவருடைய மிக அழகான முடிவுகளில் சில அதற்குப் பிறகு வந்தவை என்றும் ஹார்டியே பதிவு செய்திருக்கிறார். உடல்நோய் தீரவில்லை, ஆனால் பேனா மறுபடி ஓடியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ராமானுஜன் ஒரு மேதை, அவர் கதை எல்லோருக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உலகம் முழுக்க நடந்த 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, ஜெர்மன் ஆய்வாளர்கள் இருவர் 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலை இல்லாதவர்களில் சராசரியாக 34 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல்கள் இருந்தன. வேலையில் இருப்பவர்களில் அது 16 சதவீதம். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

மனம் சரியில்லாதவர்களுக்குத்தான் வேலை கிடைப்பதில்லை, அதனால் இப்படித் தெரிகிறது என்று சிலர் வாதிடுவார்கள். அது ஒரு பகுதி உண்மை. ஆனால், ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், வேலை போனதும் மனநலம் மோசமாவதும், மறுபடி வேலை கிடைத்ததும் தேறுவதும் தெளிவாகத் தெரிந்தது. வேலையின்மை மனநலச் சிக்கலுக்குக் காரணமாகவும் இருக்கிறது. ஆகவே, வேலை இல்லாமல் சோர்ந்து கிடப்பவரைச் சோம்பேறி என்று திட்டுவது, காய்ச்சலில் படுத்திருப்பவரைத் திட்டுவது மாதிரி.

கடைசியாக அவர் கேட்டது

1918 டிசம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு என 5 ஆண்டுகளுக்கு உதவித்தொகை அறிவித்தது. அதற்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில், பெற்றோருக்கு ஒரு தொகையும் தன் செலவும் போக மிச்சப் பணத்தை ஏழை, ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பயன்படுத்தச் சொன்னார். 32 ரூபாய் கட்டணம் கட்ட முடியாத ஒரு பையனின் ஞாபகம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

1919 மார்ச்சில் நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். படுக்கையில் கிடந்தபோதும் கணிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்தத் தாள்கள் 1976-ல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன.

21 வயதில் கணவரை இழந்த ஜானகி அம்மாள் தையல் கற்றுக்கொண்டார். திருவல்லிக்கேணியில் துணி தைத்தும் தையல் சொல்லிக்கொடுத்தும் சொந்தக் காலில் நின்றார். 1994 வரை வாழ்ந்தார்.

உங்கள் வீட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் இருந்தால், சாப்பாடு போடுவதோடு இன்னும் சிலவும் செய்யலாம். அவருடைய நாளுக்கு ஓர் ஒழுங்கு அமைய உதவுங்கள். நண்பர்களைப் பார்க்கப் போனால் வெட்டியாகச் சுற்றுகிறான் என்று சொல்லாதீர்கள், அந்தத் தொடர்புதான் அவரைத் தாங்குகிறது. விசேஷ வீடுகளில் எல்லோர் முன்னாலும் வேலை கிடைச்சுதா என்று கேட்பதைத் தவிருங்கள். ராமானுஜனுக்கு ஒரு ராமசாமி அய்யரும் ஒரு நாராயண அய்யரும் கிடைத்தார்கள். அவர்கள் முதலில் செய்தது, அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்ததுதான்.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண்: 14416. தமிழக அரசின் உதவி எண்: 104. தமிழில் பேசலாம்.)